மிட்ஜெட்டோட பின் வீல் ஆர்ச்ச வெட்டுறதுக்கு முன்னாடி

எம்ஜி மிட்ஜெட்ங்கற பழைய இங்கிலாந்து ரெண்டு சீட் ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கற யார்கிட்டயாவது பின் டயர் பஞ்சர் ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுப் பாருங்க, ஜாக்கிய எங்க வைக்கணும்ங்கறதுல இருந்துதான் பதில் ஆரம்பிக்கும். ஆக்ஸிலுக்கு அடியில வெச்சு தூக்குனா நட்டெல்லாம் கழண்டாலும் சக்கரம் வெளிய வராது, ஏன்னா ஆர்ச்சோட, அதாவது சக்கரத்துக்கு மேல பாடித் தகரத்துல இருக்கற வளைவோட, மேல் விளிம்பு தட்டையா, கீழ வரைக்கும் எறங்கி, டயரோட தலைய மறைச்சுட்டு நிக்கும். பாடிய தூக்கணும், ஆக்ஸில் தொங்கணும், அப்பவும் அதுக்கு மேல எறங்க விடாம ரெண்டு பக்கமும் ஒரு பட்டை புடிச்சிருக்கும், கொஞ்சம் அகலமான டயர் போட்டிருந்தா சில சமயம் அந்தப் பட்டையையும் கழட்டணும் இல்லன்னா டயர்ல காத்த எறக்கி சாச்சு எடுக்கணும். இதத்தான் இங்க இங்கிலாந்துல ஸ்கொயர் வீல் ஆர்ச்சுன்னு சொல்றாங்க. நிஜமான சதுரம் இல்ல, மேல வெட்டி விட்ட மாதிரி தட்டையா இருக்கும், அவ்வளவுதான்.

என்னோடது 1970 மிட்ஜெட், 1275 சிசி ஏ சீரிஸ் இஞ்சின், கிளேஸியர் ஒயிட் கலர், அந்தக் காலத்து ரோஸ்டைல் இரும்பு வீல். வாங்கும்போதே ரெண்டு பின் ஆர்ச்சும் கீழ் மூலைல துரு தின்னு, முன்னாடி வெச்சிருந்தவங்க பட்டி வெச்சு அடைச்சு பெயின்ட் அடிச்சிருந்தாங்க, காந்தம் வெச்சா ஒரு கை அகலத்துக்கு ஒட்டவே இல்ல. எப்படியும் அந்த தகரம் வெட்டித்தான் ஆகணும். வெட்டுறதுன்னு ஆயிடுச்சு, அப்ப பழையபடி ஸ்கொயரா வைக்கறதா, ரவுண்டா மாத்தறதா? இத முடிவு பண்ணத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, வெல்டிங் கூட அதுக்கப்புறம்தான்.

இதுல கம்பெனியே ரவுண்டுக்குப் போய்ட்டு ஸ்கொயருக்கே திரும்பி வந்த கதை ஒண்ணு இருக்கு. இந்த வண்டியோட மூலம் 1958ல வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், தவளைக் கண்ணுன்னு எல்லாரும் சொல்ற அந்த குட்டி வண்டி. அதுல டிக்கிக்கு வெளிக் கதவே கிடையாது, சீட்ட மடக்கி உள்ள இருந்துதான் சாமான் வைக்கணும். பின்பக்கம் வலுவா இருக்கணும், செலவும் கம்மியா இருக்கணும்னு அப்படி பண்ணாங்க, தனி சேஸி இல்லாம பாடியே எல்லா பாரத்தையும் தாங்கற வண்டி அது. 1961ல அதையே மாத்தி டிக்கி கதவு வெச்சு ஸ்ப்ரைட் மார்க் 2ன்னும் எம்ஜி மிட்ஜெட்னும் ரெண்டு பேர்ல விட்டாங்க. ஸ்ப்ரைட் 1971ல நின்னு போச்சு. அதுக்கப்புறம் 1972 மாடல் மிட்ஜெட்லதான் பின் ஆர்ச்ச முன் ஆர்ச் மாதிரியே ரவுண்டா ஆக்குனாங்க. அதனால கம்பெனில இருந்து ரவுண்ட் ஆர்ச்சோட வந்த ஸ்ப்ரைட்டுன்னு மார்க் 2 ஜாடைல ஒரு வண்டி யாராவது வித்தா அது பின்னாடி மாத்துனதுன்னு தெரிஞ்சுக்கங்க.

ரவுண்ட் ஆர்ச் பாக்க ரொம்ப நல்லா இருக்கும், இத நான் மனசார சொல்றேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒரே வளைவு, பக்கவாட்டுல நின்னு பாத்தா கோடு எங்கயும் தடுக்காது. ஆனா அது 1974 வரைக்கும்தான். அந்த வருஷக் கடைசில அமெரிக்கா சட்டத்துக்காக பெரிய கறுப்பு பம்பர் வெச்சு, வண்டிய உயர்த்தி, ட்ரையம்ஃப்ங்கற இன்னொரு இங்கிலாந்து கார் கம்பெனியோட 1493 சிசி இஞ்சின போட்டப்ப பின் ஆர்ச்ச திரும்ப ஸ்கொயராவே மாத்திட்டாங்க. காரணம் வலு. பின்னாடி பம்பர் எடையும் சேர்ந்து, வேற வண்டி வந்து மோதுனா தாங்கணும்னா ஆர்ச்சுக்கு மேல தகரம் அதிகமா வேணும். 1979 டிசம்பர்ல ஆபிங்டன் ஊர்ல இருந்த எம்ஜி ஃபேக்டரில கடைசி மிட்ஜெட் வந்த வரைக்கும் ஸ்கொயர்தான். ஆக அந்த விளிம்பு வெறும் அழகுக்கு வெச்சதில்ல, பின்பக்கத்தோட பலத்துல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. நான் சொல்ல வர்றதே இதுதான், மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வருது.

ஏன்னு பாப்போம். பின் சக்கரத்துக்கு மேல இருக்கற பாடியோட, அதாவது பின் விங்கோட, வெளித் தகரம் ஒண்ணு, உள்ள சக்கரத்த சுத்தி வளைஞ்ச உள் ஆர்ச் ஒண்ணு, இந்த ரெண்டும் சேர்ற இடம்தான் அந்த விளிம்பு. ரெண்டு தகரமும் ஒண்ணு மேல ஒண்ணா மடிஞ்சு ஸ்பாட் வெல்ட் வெச்சு ஒட்டியிருக்கும். அந்த ஜாயின்ட் இருக்கற வரைக்கும் அது ஒரு மூடுன பெட்டி. விளிம்ப மட்டும் கிரைண்டர் வெச்சு சீவி எடுத்துட்டா பெட்டி திறந்துடும், வெளித் தகரம் தனியா ஆடும், உள்ளது தனியா ஆடும், நடுவுல தண்ணியும் சேறும் போகும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்படி சீவிட்டு இடைவெளிய ஃபைபரும் பட்டியும் வெச்சு அடைச்ச வண்டிங்கள இங்க பழைய கார் சந்தைல நிறைய பாத்திருக்கேன், பாக்கறப்பல்லாம் வயிறு எரியும். மேல கூரை இல்லாத வண்டி, உள்ள ரெண்டு பேர் உக்காந்து போறாங்க.

சரி, எதுக்கு எல்லாரும் ஆர்ச்ச வெட்டணும்ங்கறாங்க? டயர். ரோஸ்டைல் 4.5 இன்ச் அகலம், அதுல 145/80 13 டயர், அதாவது அகலம் 145 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 80 சதவீதம், வீல் 13 இன்ச். இப்ப நெறைய பேரு மினிலைட் மாடல் 5.5 இன்ச் அலாய் வீல் வாங்கி 165/70 13 போடறாங்க. இந்த ரெண்டு டயரும் உயரத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான், கணக்கு போட்டா 145/80 குறுக்களவு 562 மி.மீ., 165/70 561 மி.மீ., அதனால ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, மேல் பக்கமும் இடிக்காது. பிரச்சினை அகலத்துல மட்டும்தான். டயர் பக்கத்துக்கு 10 மி.மீ. வெளிய வரும், வீலோட ஆஃப்செட்ட, அதாவது போல்ட் ஆகற முகம் வீலோட நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறத, பாக்காம தப்பா வாங்கிட்டா இன்னும் அதிகமா வெளிய தள்ளும். 175/70 போட்டா குறுக்களவே 575 மி.மீ. ஆயிடும், அகலமும் உயரமும் சேர்ந்து இடிக்கும், ரோட்டு வண்டிக்கு அது தேவையே இல்லைங்கறது என் முடிவு. மொத்தமே 700 கிலோ சொச்சம் இருக்கற வண்டி, 65 குதிரை சக்திக்கு அவ்வளவு ரப்பர் எதுக்கு? ஸ்டியரிங் கனத்துப் போகும், அந்த வண்டியோட சந்தோஷமே அந்த லேசான ஸ்டியரிங்தான்.

டயர் எங்க உரசுதுன்னு பாக்கறது கொஞ்சம் சுவாரசியமான விஷயம், பலர் இத தலைகீழா நினைக்கறாங்க. வண்டி வலது பக்கம் திரும்புதுன்னு வைங்க. பாடி இடது பக்கமா சாயும், டயர் ரோட்ட புடிச்சுட்டு நிக்கும், நடுவுல இருக்கற லீஃப் ஸ்பிரிங் பக்கவாட்டுல கொஞ்சம் வளையும். பாடிக்கு உள்ள இருந்து பாத்தா ஆக்ஸில் வலது பக்கம் நகர்ந்த மாதிரி. அப்ப பாரம் ஏறுன இடது சக்கரம் உள்பக்கமா போகுது, அதோட தலையும் உள்ள சாயுது, அதனால அது வெளி விளிம்புல இடிக்காது, இடிச்சா உள் ஆர்ச்சுலதான். வெளிய வர்றது பாரம் குறைஞ்ச வலது சக்கரம். சாதாரண ஆர்ச்சா இருந்தா அது கீழ எறங்கிடும், விளிம்பு மேல இருக்கும், தப்பிச்சுடும். ஸ்கொயர் ஆர்ச்சுல விளிம்பே டயரோட பக்கச் சுவர் உயரத்துல இருக்கறதால எறங்குன டயர் கூட அதுல போய் உரசும். வளைவுல உள் பக்கத்து டயர்ல இருந்து சர்ருன்னு சத்தம் வந்தா காரணம் இதான்.

அப்படின்னா முதல் வைத்தியம் கிரைண்டர் இல்ல, பேனார்ட் ராடு. ஆக்ஸிலோட ஒரு முனைல இருந்து பாடியோட எதிர் பக்கத்துக்கு ஒரு கம்பி, அது ஆக்ஸில பக்கவாட்டுல நகர விடாம புடிக்கும். ஸ்பிரிங் முனைல இருக்கற ரப்பர் புஷ்ஷும் பழசா இருந்தா மாத்திடுங்க. இந்த ரெண்டையும் பண்ணாலே 165 டயர் ஸ்கொயர் ஆர்ச்சுக்குள்ள நிம்மதியா ஓடற வண்டிங்க எவ்வளவோ இருக்கு. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கும்னு நம்பாதீங்க, அந்தக் காலத்து பாடியெல்லாம் கையால, ஜிக்ங்கற புடிச்சு வைக்கற சட்டத்துல வெச்சு ஒட்டுனது, அதுக்கு மேல அம்பது வருஷ ரிப்பேர். ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க.

அடுத்தது விளிம்ப மடக்கறது, ரோலிங். சக்கரம் மாட்டுற ஹப்புல போல்ட் பண்ணி ஒரு உருளைய விளிம்புல அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டுற கருவி வாடகைக்கே கிடைக்குது. ஹீட் கன்ல பெயின்ட்ட சூடாக்கிட்டு மெதுவா மடக்குனா புது காருங்கள்ல அழகா வரும். மிட்ஜெட்ல விளிம்பு ரெண்டு தகரம் கனம், ஸ்பாட் வெல்ட் வேற, நடுவுல பழைய துரு. மடக்குனா வெல்ட் புள்ளி ஒவ்வொண்ணா பிச்சுக்கும், பெயின்ட் வெடிக்கும், அடுத்த மழைக்காலத்துல அங்க இருந்துதான் துரு ஆரம்பிக்கும். ரோலிங் பண்ணியே ஆகணும்னா அப்புறம் சீலர் போட்டு பெயின்ட் அடிக்கறதுக்கும் சேத்து காசு எடுத்து வைங்க.

பெரிசா வெளிய தள்ளி ஃப்ளேர் வைக்கறதுக்கும் இங்க ஒரு மரபு இருக்கு. 1968 செப்ரிங் 12 மணி நேர ரேஸ்ல பேடி ஹாப்கிர்க்கும் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஓட்டுன எம்ஜிசி ஜிடிஎஸ், அலுமினிய பாடில ஆர்ச்செல்லாம் புடைச்சுட்டு நிக்கும், அத பாத்துதான் இன்னைக்கு வரைக்கும் எம்ஜியோட இன்னொரு காரான எம்ஜிபிக்கு செப்ரிங் ஃப்ளேர்னு ஃபைபர்ல வித்துட்டு இருக்காங்க. லோட்டஸ் ஈலான்ல ரேஸுக்குன்னே வந்த 26ஆர்ல ஆர்ச் அகலம். ஜாகுவாரே 1971ல ஈ டைப் சீரிஸ் 3 விட்டப்ப அகல டயருக்காக ஆர்ச்ச வெளிய தள்ளித்தான் விட்டாங்க. அந்த வண்டிங்கள்ல அது பொருந்துது, மிட்ஜெட்டோட சின்ன உடம்புல பெரிய ஃப்ளேர் எனக்குப் புடிக்கல. அது ருசி சமாச்சாரம்.

நான் கடைசில ரவுண்டுதான் பண்ணேன். துருவே இல்லாத ஸ்கொயர் ஆர்ச்சா இருந்திருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். எனக்கு விளிம்பும் போச்சு, உள் ஆர்ச்சோட வெளிப் பாதியும் போச்சு, ரெண்டையும் புதுசா வைக்கறப்ப 1972 மாடல்ல கம்பெனி எப்படி வெச்சுதோ அந்த மாதிரியே உள்ளயும் வெளியயும் முழுசா வைக்கலாம்னு முடிவு. ரவுண்ட் ஆர்ச்சுக்கு ரிப்பேர் பேனல் கிடைக்குது, உள் ஆர்ச்சுக்கும் கிடைக்குது, ரெண்டையும் சேத்து வாங்குங்க, வெளிப் பேனல் மட்டும் வாங்கி உள்ள இருக்கறத தட்டி வளைச்சு ஒப்பேத்தாதீங்க.

கூட இருந்து சொல்லிக் கொடுத்தவர் எங்க தெருவுல இருக்கற ஒரு பெரியவர், வேலைக் காலம் பூரா பஸ் பாடி கட்டுனவர். அவர் முதல்ல பண்ண வெச்சது வெட்டுறது இல்ல, அளக்கறது. கதவு இடைவெளிய மேல, நடுவுல, கீழன்னு அளந்து தகரத்துலயே எழுதிட்டோம், அப்புறம் கதவு வாசல்ல குறுக்க சதுரக் குழாய் ஒண்ணு வெல்ட் பண்ணி கட்டிட்டோம். கூரை இல்லாத வண்டில கதவுக்கு அடியில ஓடற தகரப் பெட்டியான சில்லும் பின் ஆர்ச்சும் சேர்ற இடத்த தொட்டா நடு வளையும், அப்படி வளைஞ்ச வண்டில கதவு அப்புறம் என்ன பண்ணாலும் சாத்தாது. ஒரு சமயத்துல ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டணும், அது முழுசா வெல்ட் ஆனப்புறம்தான் அடுத்த பக்கம்.

பெட்ரோல் டேங்க்க கழட்டாம பின்னாடி ஒரு பொறி கூட விழக்கூடாது. டேங்க் டிக்கித் தரைக்கு அடியில, பெட்ரோல் இழுக்கற எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப்பும் பின்னாடியே ஆக்ஸில் கிட்ட, பைப்பு ஆர்ச் பக்கமாவே போகுது. டேங்க், பம்ப், பைப் எல்லாம் வெளிய எடுத்து, ஷெட்டுக்கே வெளிய வெச்சோம், பேட்டரியும் கழட்டியாச்சு. காலி டேங்க்னு அசட்டையா இருக்காதீங்க, நிறைஞ்ச டேங்க்க விட காலி டேங்க்ல இருக்கற ஆவிதான் வெடிக்கும். இன்னொண்ணு, அந்தக் காலத்துல பாடி ஜாயின்ட்ட ஈயம் ஊத்தி நிரவியிருப்பாங்க, அத கிரைண்டர்ல தேய்க்காதீங்க, தூள் மூச்சுல போனா விஷம். மெல்ல சூடு காட்டி வழிச்சு எடுத்துட்டு, அப்பவும் மாஸ்க் போட்டுக்கணும்.

ஆர்ச் கோடு எங்க வரணும்ங்கறத வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சு பாத்தா தப்பாத்தான் வரும். லீஃப் ஸ்பிரிங் யூ போல்ட்ட கழட்டி ஆக்ஸில மட்டும் ஜாக்கில தூக்கி ஆக்ஸில் அதுக்கு மேல ஏறாம தடுக்கற ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்ப தொடற வரைக்கும் கொண்டு போகணும், நம்ம போடப் போற அதே வீலும் டயரும் மாட்டிட்டு. முதல்ல ரெண்டு பக்கமும் ஒண்ணா மேல, அப்புறம் ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழன்னு தூக்கிப் பாத்து எல்லா நிலைலயும் டயருக்கும் தகரத்துக்கும் நடுவுல பக்கத்துல 15 மி.மீ., மேல 20 மி.மீ. இருக்கற மாதிரி கோடு போட்டோம். அந்தக் கோடு முன் ஆர்ச்சோட வளைவுக்கு ஒத்து வருதான்னு தூரத்துல நின்னும் பாக்கணும், அளவு சரியா இருந்து கண்ணுக்கு கோணலா இருந்தா காலத்துக்கும் உறுத்தும்.

வெட்டும்போது கோட்டுல வெட்டாதீங்க, கோட்டுக்கு கீழ 20 மி.மீ. விட்டு வெட்டுங்க. தகரத்த எப்பவும் குறைக்கலாம், வளக்க முடியாது. முதல்ல வெளித் தகரம், அப்புறம் உள்ள இருக்கறது தெரியும், நல்ல தகரம் எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும் உள் ஆர்ச்ச எடுத்தாச்சு. புது உள் ஆர்ச் முதல்ல உக்காரணும், வெளிப் பேனல் அதுக்கு மேல, ரெண்டையும் கிளாம்ப் போட்டு புடிச்சு வீல மாட்டி திரும்ப ஒரு தடவ ஆக்ஸில தூக்கிப் பாத்துட்டுத்தான் மிக் வெல்டர கையில எடுக்கணும். தகரம் கிட்டத்தட்ட 0.9 மி.மீ., 0.6 மி.மீ. கம்பி போதும். பெரிய பேனல்ல கோடு இழுத்த மாதிரி தொடர்ச்சியா வெல்ட் வெச்சா சூட்டுல நெளியும், அப்புறம் எவ்வளவு பட்டி வெச்சாலும் வெயில்ல அலை அலையா தெரியும். ஒரு புள்ளி இங்க, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, அது ஆறுற வரைக்கும் இன்னொரு மூலைல, இப்படியே புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ற வரைக்கும். விளிம்புல மட்டும் கம்பெனி ஸ்பாட் வெல்ட் இருந்த மாதிரியே வெளித் தகரத்துல 6 மி.மீ. ஓட்டை போட்டு, நடுவுல வெல்ட் பண்ணாலும் எரியாத ஜிங்க் பிரைமர் அடிச்சு, ஓட்டைய நிரப்பி வெல்ட் வெச்சோம், பழசுல எத்தனை புள்ளியோ அதவிட ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கற மாதிரி. கம்பெனியே பலம் பத்தலன்னு கைவிட்ட வடிவத்த நாம வைக்கறோம், அதுல வெல்டையும் குறைச்சா எப்படி?

வெட்டுறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல சொல்லிடுங்க, பாடில மாத்தம்னு. இங்க 40 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2018 மே மாசத்துல இருந்து எம்ஓடின்னு வருஷா வருஷம் பண்ற வண்டி பாதுகாப்பு டெஸ்ட் கட்டாயம் இல்ல, ஆனா வண்டிய பெரிய அளவுல மாத்தியிருந்தா அந்த சலுகை போயிடும், தனி சேஸி இல்லாத பாடில கை வைக்கறப்ப வண்டிப் பதிவு பண்ற டிவிஎல்ஏ ஆபீஸோட விதியையும் ஒரு தடவ படிச்சுடறது நல்லது. டெஸ்ட் தேவையில்லன்னாலும் நான் கொண்டு போய் காட்டுனேன், அடியில வெல்டிங்க இன்னொரு கண்ணு பாக்கணும்னு. டயர் ஆர்ச்சுக்கு வெளிய துருத்திட்டு நிக்கக் கூடாது, அதையும் அங்கயே பாத்துடுவாங்க.

இப்ப 5.5 இன்ச் வீல்ல 165/70, பேனார்ட் ராடு, ரெண்டு பேரு உக்காந்து மலை ரோட்டுல நல்லா திருப்பி ஓட்டியும் எங்கயும் உரசல, பின் சக்கரத்த ஆக்ஸிலுக்கு அடியில ஜாக்கி வெச்சே கழட்டலாம். விளிம்பு ஜாயின்ட் உள்பக்கம் பூரா சீம் சீலர், அதுக்கு மேல கல்லடி தாங்கற கோட்டிங், பெட்டிக்குள்ள டிக்கி பக்கத்துல இருந்து நீளக் குழாய் விட்டு துரு தடுக்கற கேவிட்டி வேக்ஸ். தண்ணி வடியற ஓட்டைய வேக்ஸ் அடைச்சுக்கும், அடிச்ச மறுநாள் ஒரு கம்பி விட்டு திறந்து விடணும். குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் சக்கரத்த கழட்டி உள் விளிம்ப தண்ணி பீச்சி கழுவிட்டு திரும்ப வேக்ஸ் அடிங்க, முக்கியமா ஆர்ச்சோட முன் கீழ் மூலைல, சில்லு வந்து சேர்ற இடத்துல, சேறு மொதல்ல தங்கறது அங்கதான்.